கல்லிலும் மேடையிலும் எழுதிய பெயர்கள்

தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் வளர்ந்த பிள்ளைகள் பொய்ப்பழி என்றால் என்னவென்று கோவலன் கூத்தில்தான் முதலில் பார்த்தார்கள். வட்டக்களரியைச் சுற்றிப் பாய் விரித்து, பாதி நித்திரையில் கிடந்து, அந்தக் கட்டம் வரும்போது எழுந்து உட்காருவார்கள். பொற்கொல்லன் அரசனிடம் போய்க் கோவலனைக் கள்வன் என்கிறான். அதற்குப் பிறகு கோவலன் என்ன சொன்னாலும் எடுபடுவதில்லை. சிலம்பு யாருடையது, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற விசாரணையெல்லாம் அவன் வெட்டுண்டு கிடந்த பிறகுதான் நடக்கிறது.

முள்ளியவளைக்கு அப்பால், நந்திக்கடலோரத்தில் வற்றாப்பளை இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி அங்கே வந்து தங்கினாள் என்பது ஊர் நம்பிக்கை. வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் கடல்நீர் விட்டு விளக்கெரிப்பார்கள். முல்லைமோடி என்று கலைஞர்கள் தனித்துச் சொல்லும் கூத்துப் பாணி இந்த மண்ணில் வேர்விட்டது. ஒரு பொய்ச் சொல் ஒருவனைக் கொன்றதையும், ஒரு பெண் அதற்கு நீதி கேட்டதையும் தலைமுறை தலைமுறையாகப் பாடிக்கொண்டே வந்த ஊர்கள் இவை.

இதே ஊர்களின் கடந்த இருநூறு ஆண்டுச் சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால், மனிதருக்குப் பெயர் சூட்டும் உரிமை யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே ஊரின் விதியும் இருந்திருக்கிறது. சில பெயர்கள் வெளியிலிருந்து வந்த ஆட்சியாளர் வைத்தவை. சில பெயர்களை ஊரே விரும்பி ஏற்றுக்கொண்டது. அந்த இரண்டாவது வகைதான் கூடுதலாகச் சேதம் செய்தது.

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் போகும் வீதி தண்ணீரூற்றையும் முள்ளியவளையையும் தாண்டி மேற்கே காட்டுக்குள் நுழைகிறது. அந்த வழியில் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடு. பிரித்தானியர் நட்ட ஒரு கல் அங்கே இருந்தது. 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்ற செய்தி ஆங்கிலத்தில் அதில் வெட்டப்பட்டிருந்தது. அவ்வளவுதான். வன்னியின் கடைசி மன்னன் என்று தமிழர் கொண்டாடும் ஒருவரைப் பற்றிப் பொதுவெளியில் நின்ற எழுத்து, அவரைத் தோற்கடித்தவரின் மொழியில், அவரைத் தோற்கடித்தவரின் பெயரை எழுவாயாகக் கொண்டு நின்றது.

பின்னணி இது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிமைகள் என்ற சிற்றரசுகள் திறை கொடுத்தும் கொடாமலும் தம் பாட்டுக்கு இருந்தன. யானையும் காடும் காய்ச்சலும் அவற்றுக்குக் காவல். 1780களில் லெப்டினன்ட் நாகெல் படையோடு வந்து வன்னியை அடக்கி, முல்லைத்தீவிலிருந்து நிர்வகித்தார். 1795இல் ஆங்கிலேயர் முல்லைத்தீவைக் கைப்பற்றினார்கள். எட்டு ஆண்டுகளின் பின், கண்டி அரசோடு ஆங்கிலேயர் போரில் மாட்டிக்கொண்டிருந்த வேளையில், 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த அரச நிலையத்தைத் தாக்கினார். காவற்படை கடல் வழியே பின்வாங்கியது. பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று பல திசைகளிலிருந்தும் படைகள் புறப்பட்டன. மன்னாரிலிருந்து வந்த டிறிபேர்க்கின் படை ஒக்டோபர் 31 அதிகாலையில் கற்சிலைமடுவில் திடீரென்று விழுந்தது.

கல்லில் இருந்தது தோல்வி. ஊர் வாசித்ததோ மரணம். ஆங்கிலம் தெரிந்த சிலர் மற்றவர்களுக்குச் சொல்ல, அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல, 1803 ஒக்டோபர் 31 பண்டாரவன்னியன் வீழ்ந்த நாளாகிவிட்டது. நினைவுநாள் கூட்டங்களும் அந்தத் திகதியிலேயே நடந்தன. ஆனால் 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கைநூலும் பிரித்தானிய நிர்வாகப் பதிவுகளும் வேறு கதை சொல்கின்றன. கற்சிலைமடுவுக்குப் பிறகும் அவர் பல ஆண்டுகள் உயிரோடு இருந்து, காட்டுக்குள்ளிருந்து ஆங்கிலேயருக்குத் தொல்லை கொடுத்திருக்கிறார். 1811 அளவில் காயப்பட்டுப் பனங்காமத்தில் இறந்ததாகவே தெரிகிறது. இதனால்தான் முல்லைத்தீவை அவர் வென்ற ஓகஸ்ட் 25ஐ நினைவுநாளாகக் கொள்ள வேண்டும் என்ற குரல் எழுந்தது. வவுனியாக் கச்சேரிக்கு முன்னால் நிற்கும் அவரது சிலைக்கு ஓகஸ்டில் மாலை போடுகிறார்கள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒக்டோபர் நினைவும் விட்டுப்போகவில்லை.

ஒரு கல்வெட்டுக்கு இருக்கும் பிடி எத்தகையது என்று இதில் தெரிகிறது. அது பொய் சொல்லவில்லை. எந்த நாளைச் சொல்வது, எதை விடுவது என்பதை மட்டும் தீர்மானித்தது. முல்லைத்தீவு விழுந்த நாளுக்கு அவர்கள் கல் நடவில்லை. கற்சிலைமடுவுக்குப் பிந்திய வருடங்களுக்கும் கல் இல்லை. அதனால் எட்டு வருடக் காட்டுப்போர் ஊரின் ஞாபகத்திலிருந்து கழன்று போய்விட்டது. ஆங்கிலேயரை எதிர்த்த தமிழரும் அதே கல்லை ஆதாரமாக வைத்தே தங்கள் வீரனின் வாழ்க்கையை முடித்துக்கொண்டார்கள். அண்மைய உள்நாட்டுப் போர் முடிந்தபின் அந்தக் கல் உடைக்கப்பட்டது. பிறகு மீண்டும் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.

கல் விட்ட இடைவெளியை மேடை நிரப்பியது.

முள்ளியவளையைச் சேர்ந்த ஆசிரியரும் எழுத்தாளருமான வே. சுப்பிரமணியம், முல்லைமணி என்ற பெயரில், ‘பண்டாரவன்னியன்’ நாடகத்தை எழுதினார். அது நூலாகவும் வந்தது. வன்னியின் பாடசாலைகளிலும் கோவில் வீதிகளிலும் பண்டாரவன்னியன் கதை பல கைகளில் பல வடிவங்களில் மேடையேறியது. கடல் கடந்தும் போனது: மு. கருணாநிதி 1991இல் ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்று நாவலாக்கினார். யாழ்ப்பாணத்தவரின் பார்வையில் காடும் மலேரியாவும் மட்டுமே என்றிருந்த ஒரு பிரதேசத்துக்கு இந்த நாடகங்கள் தலைநிமிர்வைக் கொடுத்தன. அந்தப் பெருமையை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. அரசாங்கப் பாடநூலில் இடம் கிடைக்காத தங்கள் ஊர்ப் பெயர்களை மேடையில் கேட்பது சிறிய விஷயமல்ல.

மேடையில் வீரன் தோற்க வேண்டுமானால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். பீரங்கியும் ஒழுங்கான படையும் காரணமென்று சொன்னால் சனத்துக்கு மனம் ஆறாது. அப்படித்தான் காக்கைவன்னியன் கதைக்குள் வந்தான். பண்டாரவன்னியனின் சகோதரி நல்லநாச்சாளை அவனுக்குப் பெண் கொடுக்க மறுத்தார்கள், அந்தக் கோபத்தில் வெள்ளையனுக்குக் காட்டிக்கொடுத்தான் என்று கதை ஓடும். அவன் மேடைக்கு வந்தாலே சனம் கூவும். சிறுவர்கள் மண்ணள்ளி எறிவதும் உண்டு.

காக்கைவன்னியன் என்ற பெயர் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யில் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த நூலில் அவன் சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குப் பிடித்துக்கொடுத்தவன். நண்பன்போல வந்து கட்டியணைத்து மன்னனைச் சிக்கவைத்தான் என்று அங்கே கதை வருகிறது. யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் முற்றாக விழுந்தது 1619இல். கற்சிலைமடுச் சண்டை 1803இல். இடையில் ஏறத்தாழ 180 வருடங்கள். ஆனாலும் மேடையில் இருவரும் ஒரே காலத்தவர். சபையில் அதைப் பற்றி எவருக்கும் சங்கடம் இல்லை. இதில் ஒரு பொறிமுறை இருக்கிறது. கதைக்குள் காட்டிக்கொடுப்பவனுக்கென்று ஒரு கதிரை எப்போதும் போட்டிருக்கும். முன்னொரு கதையில் அந்தக் கதிரையில் இருந்தவனின் பெயரையே கொண்டுவந்து இன்னொரு கதையிலும் இருத்திவிடலாம். சாட்சி தேவையில்லை, ஏனென்றால் அவன் யாரென்று சபைக்கு ஏற்கெனவே தெரியும்.

தமிழ்நாட்டில் இதற்கு நேரான கதை எட்டப்பன். 1799இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் தப்பிப்போன வீரபாண்டிய கட்டபொம்மனைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். ஒக்டோபர் 16ஆம் திகதி கயத்தாறில் அவரைத் தூக்கிலிட்டார்கள். எட்டயபுரத்தார் அந்தப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றது உண்மை. அப்படி நின்ற பாளையக்காரர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் துரோகத்தின் பெயராக நிலைத்தது எட்டப்பன் மட்டும். நாடகமும், 1959இல் பி. ஆர். பந்துலு எடுத்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படமும் அந்தப் பெயரை ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் கொண்டுபோயின. இலங்கையிலும் அந்தப் படத்தின் வசனத்தைப் பாடமாக்கிப் பேசாத பாடசாலை விழா இல்லை என்று சொல்லலாம். அந்த வீர வசனத்தோடு சேர்ந்து வந்தது, எட்டப்பன் என்று விரலை நீட்டும் பழக்கம்.

பழக்கம் விளையாட்டாக இருந்தவரை ஊருக்கு ஆபத்தில்லை. அது அரசியல் மேடைக்கு ஏறியபோதுதான் நிலைமை மாறியது. அதற்குத் தள்ளிவிட்டது கொழும்பு. 1956 யூனில் நாடாளுமன்றம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. மொழியால் மக்களை ஆள்வதற்கு அதைவிட நேரான உதாரணம் தேவையில்லை: தமிழ் எழுதுவினைஞர் ஒருவரின் சம்பள உயர்வும் பதவி உயர்வும் சிங்களப் பரீட்சையில் தங்கின. செல்லையா கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் அந்தப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, உயர்நீதிமன்றத்தில் தோற்று, இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனார். அரசாங்க ஊழியர் முடிக்கு எதிராக வழக்காட முடியும் என்று 1969இல் அங்கே தீர்ப்பாகியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக்கேள்வியை மறுபடியும் இலங்கைக்கே அனுப்பினார்கள். அந்தக் கேள்விக்கு விடை வருமுன்னரே 1972இன் புதிய அரசியலமைப்பு சிங்களத்தின் இடத்தை மேலும் உறுதியாக்கிவிட்டது. வன்னிக் கிராமங்களில், கச்சேரியிலிருந்தோ திணைக்களத்திலிருந்தோ சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசிக்க ஆள் தேடி அலைவது வழக்கமாகியது. தன் காணியைப் பற்றி எழுதியிருப்பதைத் தானே வாசிக்க முடியாத மனிதன், வாசித்துச் சொல்பவனிடம் கடமைப்பட்டவனாகிறான்.

அந்த அவமானத்தின் எதிரொலிதான் 1970களின் தமிழ் மேடைப் பேச்சு. உணர்ச்சியும் அடுக்குமொழியும் நிறைந்த அந்தப் பேச்சுக்குச் சனம் மழையிலும் நின்றது. உரிமை கேட்கும் பேச்சு அது. அதற்கு நியாயம் இருந்தது. அதற்குள்ளேயே இன்னொன்றும் வளர்ந்தது. அரசாங்கத்தோடு சேர்ந்திருந்த தமிழரின் பெயர்கள் மேடையில் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா அவர்களில் முதன்மையானவர். 1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் நேர்ந்த உயிரிழப்புகளுக்கும் அவரே காரணமென்று மேடைகள் முழங்கின. துரோகி என்ற சொல் அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1975 யூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராசப் பெருமாள் கோவிலுக்கு வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். பலர் அதைக் கொலை என்று சொல்லவில்லை. கதையில் காக்கைவன்னியன் வீழ்ந்தது போலவே அதைக் கேட்டார்கள்.

மேடையில் அந்தச் சொல்லைப் பழக்கியவர்களில் மூத்தவர்கள் தமிழர் விடுதலைக் கூட்டணியினர். 14 வருடங்களின் பின், 1989 யூலை 13ஆம் திகதி, அதன் தலைவர் அ. அமிர்தலிங்கம் கொழும்பில் தன் வீட்டிலேயே சுடப்பட்டார். அவருக்கும் அதே பெயர்தான் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 21இல், மனித உரிமை மீறல்களை யார் செய்தாலும் எழுதிவைத்த மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். அந்தச் சொல்லுக்கு அளவுகோல் கிடையாது என்பதை அப்போதாவது சமூகம் கண்டிருக்க வேண்டும். ஒருவர் என்ன செய்தார் என்று கேட்காமலே அவரை அதற்குள் போட்டுவிடலாம். போட்டபின் அவருக்காக அழுபவரையும் சேர்த்துப் போடலாம்.

இது தமிழருக்கு மட்டும் உரிய நோயாக இருக்கவில்லை. 1987 முதல் 1989 வரை தெற்கில் ஜே.வி.பி.யும் அதன் ஆயுதப் பிரிவும் துண்டுச் சீட்டில் ஆட்சி நடத்தின. கடையை மூடு, விளக்கை அணை, வேலைக்குப் போகாதே என்று கையெழுத்துச் சீட்டு வரும், ஊர் அடங்கும். சனம் அதைச் சின்ன அரசாங்கம் என்றது. தேசத்துரோகி என்று பெயர் எழுதினால் அடுத்தது துவக்குச் சத்தம். சிங்களச் சினிமாவின் பேரன்புக்குரிய நடிகரும் அரசியல்வாதியுமான விஜய குமாரதுங்க 1988 பெப்ரவரி 16இல் கொல்லப்பட்டார். ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய ஒரு வானொலி, டுட்ஸி இனத்தவரைக் கரப்பான்கள் என்று பாட்டுக்கும் பகிடிக்கும் இடையே சொல்லிச் சொல்லிப் பழக்கியது. மறு வருடம் ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியபோது ஒளிந்திருந்தவர்களின் பெயரையும் இடத்தையும் அதே வானொலி வாசித்தது. அந்த ஊடகக்காரரை 2003இல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தண்டித்தது. பேசியதற்காகவும் எழுதியதற்காகவும் மனிதரை இனப்படுகொலைக் குற்றவாளிகளாகக் கண்ட தீர்ப்பு அது.

தண்ணீரூற்றுக்குத் திரும்ப வேண்டும். இந்த ஊரின் பெயரே அதன் ஊற்றிலிருந்து வந்தது. வன்னியின் மற்ற இடங்களில் குளம் வற்றினால் வயல் காயும். இங்கே நிலத்துக்கடியிலிருந்து நீர் தானாகக் கசிந்து வரும். ஊற்றங்கரைப் பிள்ளையாரும் அதன் கரையில். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் இது. பக்கத்து நீராவிப்பிட்டியும் அப்படித்தான். வயலும் மாடும் கடையுமாக இரு சாராருக்கும் ஒரே வாழ்க்கை. நானா என்றும் அண்ணை என்றும் கூப்பிட்டுக்கொண்டவர்கள் ஒரே சந்தையில் ஒரே தமிழில் விலை பேசினார்கள்.

1990இன் நடுப்பகுதியில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி தொடங்கியது. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். சில நாளில் ஏறாவூரிலும் படுகொலை. வடக்கின் முஸ்லிம்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் அவர்கள் மீதும் காட்டிக்கொடுப்பவர்கள் என்ற பெயர் விழுந்தது. ஒரு தனி மனிதனுக்குக் கதையில் போட்டிருந்த கதிரையில் ஒரு சமூகத்தையே பிடித்து இருத்தினார்கள். அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து, மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று புலிகளின் பிடியிலிருந்த இடங்கள் சில வாரங்களுக்குள் வெறுமையாகின. வெளியேறியவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். பணமும் நகையும் வழியில் பறிபோயின. தண்ணீரூற்றின் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசலும் அப்படியே நின்றன, ஆட்கள் இல்லை. பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள்.

ஒலிபெருக்கியிடம் கேள்வி கேட்க முடியாது. அதுதான் அதன் பலம். ஏன் என்று கேட்டு விடை பெறக்கூடிய முகம் அங்கே இல்லை. அயலவர் சிலர் வேலிக்கரையில் நின்று அழுதார்கள், சிலர் பொருள்களைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள் என்று போனவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கோவலனுக்காக விடிய விடியக் கண்விழித்த ஊர்களில், அந்தப் பொற்கொல்லனின் சொல் இதுதான் என்று எழுந்து சொல்லும் துணிவு பொதுவெளியில் எழவில்லை. துவக்கின் முன்னால் அப்படிச் சொல்வது எளிதல்ல. அந்தப் பயத்தை இன்றைக்கு வெளியே இருந்து எடைபோடுவது நியாயமும் அல்ல. பயத்தோடு சேர்ந்து வேறொன்றும் வேலை செய்தது. காட்டிக்கொடுப்பவன் ஒருவன் எங்கேயோ இருக்கிறான் என்று நாடகமும் மேடையும் வானொலியும் அதற்கு முன் பல வருடங்களாகச் சொல்லி, அந்தச் சொல்லைக் கேட்டவுடனே வாய் மூடிக்கொள்ளச் சனத்தைப் பழக்கியிருந்தன. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் புத்தளத்தில் பிறந்த மூத்த பிள்ளைகளுக்குப் பதினொரு வயது.

2008 டிசம்பர் இறுதியில் முள்ளியவளைப் பகுதி இராணுவத்திடம் விழுந்தது. தண்ணீரூற்றில் எஞ்சியிருந்த தமிழரும் அதற்கு முன்பே மூட்டை கட்டிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். இப்போது பெயர் சூட்டும் முறை அரசாங்கத்தினுடையது. போர் என்று அது சொல்லவில்லை, மனிதாபிமான நடவடிக்கை என்றது. 2009 ஜனவரி 21ஆம் திகதி சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்துத் துண்டுப்பிரசுரம் போட்டார்கள். அந்தச் சொல்லை நம்பிச் சனம் உள்ளே போனது. உள்ளே எறிகணை விழுந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் தன் அறிக்கையில் இதைப் பதிவுசெய்தது. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் அதே அறிக்கை பதிவுசெய்தது. விடுதலை என்ற சொல்லின் பெயரால் ஒரு பக்கம், பாதுகாப்பு என்ற சொல்லின் பெயரால் மறுபக்கம். நடுவில் பதுங்குகுழியில் பிள்ளைகள்.

உயிர் தப்பி வந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த செட்டிகுளம் மெனிக்பாமைப் பாருங்கள். முட்கம்பிக்குள், வெளியே போக அனுமதியில்லாமல் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்கள். அதற்கு வைத்த பெயர் நலன்புரிக் கிராமம். ஒவ்வொரு வலயத்துக்கும் தமிழ்ப் பெரியார் ஒருவரின் பெயர்: கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். இராமநாதன் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர் தன் விலாசத்தை எழுதவேண்டி வந்தால் சேர். பொன்னம்பலம் இராமநாதனின் பெயரையே எழுதவேண்டும். யாருடைய பெருமையை எடுத்து யாருடைய சிறைக்கு மாட்டுவது என்பதைக்கூட ஆட்சியாளர் தீர்மானித்தார்கள்.

2012 செப்டம்பரில் மெனிக்பாமை மூடினார்கள். புத்தளத்திலிருந்து தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கினார்கள். அவர்களுக்கு இன்னும் இரண்டு பெயர்கள் காத்திருந்தன.

முதலாவது அலுவலகத்தில். 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் ‘பழைய’ இடம்பெயர்ந்தோர், அதற்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் ‘புதிய’ இடம்பெயர்ந்தோர் என்று பதிவுகள் பிரிக்கப்பட்டிருந்தன. உதவி நிறுவனங்களின் பணமும் வீட்டுத்திட்டமும் முதலில் புதியவர்களையே நோக்கி ஓடின. அவர்களின் தேவை உண்மையானது. எல்லாவற்றையும் இழந்தவர்கள் அவர்கள். ஆனால் பழையவர் என்ற சொல், 20 வருடமாகக் காணியும் கிணறும் வீடும் இழந்தவர்களின் இழப்பையும் பழையதாக்கிவிட்டது. புத்தளத்துப் பதிவை வெட்டினால்தான் முல்லைத்தீவில் உதவிக்குப் பதியலாம். வெட்டிவிட்டால் இங்கே வீடு கிடைக்கும்வரை அங்கேயும் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் அங்கே படிக்க, தகப்பன்மார் இங்கே வந்து காடு வெட்டினார்கள். இரண்டு இடத்திலும் கால் வைத்திருந்ததால், உண்மையில் திரும்பும் எண்ணமில்லாதவர்கள் என்ற பேச்சும் அவர்கள் மேல் விழுந்தது.

இரண்டாவது பெயர் வெளியில். வன்னித் தமிழருக்குக் ‘குடியேற்றம்’ என்பது காயப்பட்ட சொல். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984இல் விரட்டப்பட்டதும், மணலாறு வெலிஓயாவாகியதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. பெருகிய முஸ்லிம் குடும்பங்களுக்குப் பழைய காணி போதாதென்று, 2013 அளவில் முள்ளியவளைக் காட்டுப் பகுதியில் காணி கொடுக்கும் முயற்சி நடந்தபோது, காணியில்லாத தமிழ்க் குடும்பங்களும் எதிர்த்து நின்றன. அவர்களின் தேவையிலும் பொய் இல்லை. ஆனால் அந்தத் தர்க்கத்துக்குள், திரும்பி வந்தவர்களுக்கும் ‘குடியேற்றம்’ என்ற சொல் பூசப்பட்டது. இந்த ஊரின் கிணற்றில் குடித்து வளர்ந்து, இந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வெளியாரின் பெயரில் அழைக்கப்பட்டார்கள். யாருக்கு எத்தனை பரப்பு, எந்த அனுமதிப்பத்திரம், எந்த வருடத்து உறுதி என்று உட்கார்ந்து பார்த்தால் தீர்க்கக்கூடிய கணக்கு, அந்தச் சொல் வந்தவுடன் இனங்களின் சண்டையாகிவிட்டது.

ஒக்டோபர் கடைசி வாரத்தில் வடபுல முஸ்லிம்கள் 1990ஐ நினைவுகூருகிறார்கள். அதே வாரத்தில், 31ஆம் திகதி, கற்சிலைமடுப் பக்கத்தில் பண்டாரவன்னியனுக்கு மாலை விழுகிறது. தேர்தல் மேடைகளில் காக்கைவன்னியனும் எட்டப்பனும் இன்னும் வருகிறார்கள். கட்சி மாறியவரையும், கேள்வி கேட்ட பத்திரிகையாளரையும், உள்ளூராட்சிச் சபையில் எதிர்த்து வாக்களித்தவரையும் அந்தப் பெயரால் அடிக்கிறார்கள். தண்ணீரூற்றுப் பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இன்று ஒரே பாடத்திட்டத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கற்சிலைமடுவின் கதையைச் சொல்லும் ஆசிரியர், வன்னியன் 1803க்குப் பிறகும் எட்டு வருடம் போராடினான் என்பதையும், காக்கைவன்னியன் அவனுக்கு 180 வருடம் முந்தியவன் என்பதையும், 1990இல் இந்த ஊரிலிருந்து யார் எப்படிப் போனார்கள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் போகும் அந்த ஒரே வீதியில் நடந்தவைதான் அவை.